அரை மணி நேரத்தில் வந்துவிடும்

புருவம் திருத்தும் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. நாற்காலியில் சாய்ந்திருப்பவள் கண்ணை மூடி, இரண்டு கையாலும் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்திருப்பாள். எழுந்து ஓட முடியாது. ஒரு புருவம் முடிந்து மறுபுருவம் தொடங்குவதற்குள், பல்லில் கடித்திருக்கும் நூலை எடுத்துவிட்டு, உலகத்தைப் பற்றி எனக்குத் தோன்றுவதையெல்லாம் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டு முன்னறைதான் பார்லர். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலை அலசும் தொட்டி ஒன்று. தெருவில் பாதிப் பெண்கள் என் கைக்குத் தலையைக் கொடுக்கிறவர்கள்.

எனக்குத் தோன்றுவது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. இன்றைக்கு எத்தனை அடி நடந்தோம் என்று கையில் கட்டிய கடிகாரம் சொல்கிறதாம். நடந்த காலுக்குத் தெரியாதா? வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் ஆபீஸ் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது, வாடகைகூடக் கொடுக்காமல். தலையில் சாயத்தைத் தடவிக்கொண்டு, காதில் படாமல் போனைத் தூக்கிப் பிடித்து, ‘யெஸ் சார், இப்பவே அனுப்பறேன் சார்’ என்று சொல்லும் பெண்களை வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன். மேடையில் பேசுகிறவர்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அவர்கள் சொல்வது எதுவும் நடக்காது, நடக்கிற எதையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். இதை நான் அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், எதிர்வீட்டு அண்ணிக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அண்ணி என்றால் சொந்தம் இல்லை. எதிர்வீட்டு டிரைவர் அண்ணனின் மனைவி, அதனால் அண்ணி. அவர் லாரி ஓட்டி ஓட்டிப் புழுதியும் புகையுமாக நுரையீரலைத் தொலைத்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டே ஊர் வம்பெல்லாம் பேசுவார். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் அதற்குள் இருக்கும் பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் வரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும். அவரைத் தூக்குவது என்றால் சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் மனுஷன் உயிரைக் கொடுத்து மூச்சு வாங்குவார். அதனால் போக வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய முடிவு.

அந்த முடிவை எடுத்துக்கொண்டிருந்தவன் என் தம்பி. மின்சாரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவன். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல், என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குத் துணையாக இங்கேயே தங்கிவிட்டவன். ஆள் பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை. குரல் மட்டும் அப்படி ஒரு குரல். பிடிவாதக் குழந்தைகூடக் கேட்டால் அடங்கும். கரண்ட் போனதும் அண்ணி அந்தப் புகார் எண்ணுக்குப் போடுவாள். அவர்கள் உட்கார்ந்து போன் எடுக்கும் ஹாலுக்குள் சொந்தப் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பதால் எங்கள் தெருவே அவனை அந்த எண்ணில்தான் பிடிக்கும். மற்றவர்கள் எடுத்தாலும் அவனிடம் கொடுப்பார்கள். கம்பத்தில் ஏறுகிற லைன்மேனிடம் பேசாமல் அவன் வாயிலிருந்து ஒரு நேரம் வராது. ஆள் போய்ப் பார்த்து, என்ன கோளாறு என்று சொன்ன பிறகுதான், ‘இருக்கலாம் அண்ணி’ என்பான், அல்லது ‘கிளம்பிடுங்க’ என்பான். சீக்கிரம் சொல்வதில்லை என்று அவன்மேல் மேலதிகாரிகளுக்கு எப்போதும் மனத்தாங்கல்தான்.

ஒருநாள் அதே மேலதிகாரிகள் அவனைக் கூப்பிட்டு, உன் குரல் தங்கம் என்றார்கள். கண்ணாடி அறை ஒன்றில் உட்காரவைத்து வாரக்கணக்கில் வாசிக்கச் சொன்னார்கள். எண்கள், தெருப் பெயர்கள், ‘உங்கள் சிரமம் புரிகிறது’, ‘பொறுத்துக்கொண்டதற்கு நன்றி’. சந்தோஷமாக, கவலையாக, அக்கறையாக என்று ஒவ்வொன்றையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டுமாம். பையன் தலைகால் புரியாமல் இருந்தான். வீட்டுக்கு வந்து தொண்டைக்கு வெந்நீர் வேறு கேட்டான். எதற்குடா இதெல்லாம் என்று கேட்டேன். எங்களுக்கு உதவியாக ஒரு கம்ப்யூட்டர் வருகிறது என்றான். உதவிக்கு வருகிறவன் உன் குரலை ஏன் கேட்கிறான், அவனுக்கு வாய் இல்லையா என்றேன். உனக்கு எதிலும் சந்தேகம் அக்கா என்று சிரித்தான்.

அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் அவனையும் கூட இருந்த பெண்களையும் மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது கைதட்டினார்களாம், கேக் வெட்டினார்களாம். வேலையை விட்டுத் துரத்துவதற்குக் கேக் எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் எனக்கு ஆத்திரம் தாங்காமல் அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். தம்பி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனிலும் அவனே, ‘வணக்கம், சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்’ என்றான். பெயர் தெரியாத யாராவது பேசியிருந்தால் நன்றாக நாலு திட்டு திட்டியிருப்பேன், இவன் குரலை எப்படித் திட்டுவது? எதிரில் இருந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, ‘வெச்சிடு அக்கா’ என்றான்.

அவன் என்னிடம் ஒரே ஒன்று கேட்டுக்கொண்டான். வேலை போனதைத் தெருவில் சொல்லக் கூடாது. இன்னொன்று கிடைத்ததும் அவனே சொல்லிவிடுவான். எனக்கு வாய் நிற்காது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சரி என்றேன். தினமும் காலையில் எப்போதும்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். நாலைந்து தெரு தள்ளி இருக்கும் நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போடுவான். நேர்முகத் தேர்வுக்குக்கூட எதிரில் மனுஷன் கிடையாதாம். போனில் இருக்கும் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டுமாம், முகத்தில் உற்சாகம் போதவில்லை என்று ஒரு மிஷின் கழித்துவிடுமாம். உற்சாகம் இருக்கிறவன் ஏன்டா வேலை தேடப் போகிறான் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அண்ணியிடம் மட்டுமாவது சொல்லிவிடு என்று நானும் நச்சரித்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்பான். கரண்ட் போனால் தான் உடனே ஓடி வந்துவிடுவதாகவும் சொன்னான். அது நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

இதற்கிடையில் தேர்தல் வந்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் பெரிய மைதானத்தில் பந்தல் போட்டு, இனிமேல் மின்சாரப் புகார்களை எல்லாம் கம்ப்யூட்டரே கேட்டுக்கொள்ளும், ஒரு நொடிகூட யாரும் காத்திருக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். எங்கள் கவுன்சிலர் தெருமுனையில் தன் படத்தோடு தட்டி வைத்தார். பார்லரில் அன்று அதுதான் பேச்சு. யார் குரல், என்ன சங்கதி என்று சொல்ல முடியாத கடுப்பில் நான் வழக்கமான பாட்டையே பாடினேன். மேடையில் சொன்னது மேடையோடு சரி, இவர்களாவது கம்ப்யூட்டர் கொண்டுவருவதாவது என்றேன். அண்ணி முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் கரண்ட் போனபோது மத்தியானம். என் நாற்காலியில் பேங்க் மேடம் இருந்தார். தலைக்குச் சாயம் தடவி முடித்து, பாலிதீன் தொப்பி மாட்டிவிட்டிருந்தேன். மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் வராது என்று அவரிடம் புலம்பிக்கொண்டே ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் அண்ணி நின்றாள். பதற்றமே இல்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். தம்பி இந்நேரம் ஓடி வந்துகொண்டிருப்பான் என்று நினைத்து நானும் காட்டினேன். பின்கட்டுக்குப் போய்க் குடத்தில் இருந்த தண்ணீரை வாளியில் ஊற்றி எடுத்து வந்தேன். மேடத்துக்கு லோன் வசூல் பற்றி ஏதோ போன் வந்தது. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஏனோ மறுபடியும் எட்டிப் பார்த்தேன். அண்ணி அதே இடத்தில் நின்றுகொண்டு விசிறியால் உள்பக்கம் யாருக்கோ வீசிக்கொண்டிருந்தாள்.

செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டினேன். டிரைவர் அண்ணன் கட்டிலில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். வம்பு பேசுகிற வாய் திறந்தபடி இருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. மிஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது, பேட்டரி தீர்கிறது என்பதற்கு.

ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டேன். அண்ணி என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்: “தம்பிகிட்ட பேசிட்டேன். அரை மணி நேரத்துல வந்துடும்னான். கொஞ்சம் லேட்டாகுதேன்னு திரும்பவும் போட்டேன். கண்டிப்பா அரை மணி நேரத்துலன்னு சொன்னான்.”

அவன் அங்கே இல்லை, அவனுக்கு வேலை போய் எத்தனையோ நாள் ஆகிறது, போனில் பேசுவது அவன் இல்லை, மிஷின் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் நம்பவில்லை. கம்ப்யூட்டரெல்லாம் சும்மா மேடைப் பேச்சு என்று நீதானே சொன்னாய் என்றாள். பிறகு, “நான் பேர் சொன்னேன். ‘சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்’னு அவனே சொன்னானே” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. ஊரில் வேறு யாராவது அந்தப் போனைச் செய்திருந்தால், முதல் வார்த்தையிலேயே மிஷின் என்று காறித் துப்பிவிட்டு வண்டி பிடித்திருப்பார்கள். எங்கள் தெருவுக்குத்தான் அந்தக் குரல்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பேங்க் மேடம்தான் காப்பாற்றினார். தலையில் பாலிதீன் தொப்பி, கழுத்தில் என் துண்டு, அப்படியே ஓடிவந்து தன் காரைத் திறந்தார். நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிரைவர் அண்ணனைப் பின் சீட்டில் கிடத்தினோம். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போனார் மேடம். சாயம் நெற்றியில் வழிந்து காதுவரைக்கும் இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காவலாளி முதலில் அவரைத்தான் நோயாளி என்று நினைத்துப் பிடிக்க வந்தான்.

தம்பிக்கு நான்தான் போன் செய்தேன். நூலகத்தில் கரண்ட் இருந்திருக்கிறது, மின்விசிறி ஓடியிருக்கிறது, அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் வந்து சேர்ந்தபோது டிரைவர் அண்ணனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

“நீ சொன்னேன்னுதான் தம்பி உக்காந்திருந்தேன்.”

“நான் சொல்லல அண்ணி.”

“உன் குரல்தானே.”



மூன்றாம் நாள் கவுன்சிலர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார், கூடவே போட்டோ எடுக்க ஒரு ஆளும். ஓட்டுப்போடும் நாள் நெருங்கிவிட்டது பாருங்கள். புதிய தொழில்நுட்பம் என்றால் ஆரம்பத்தில் சின்னச் சின்னக் குறை இருக்கத்தான் செய்யும், போகப்போகச் சரியாகும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியாவதற்கு உங்கள் வீட்டுக்காரரைக் கட்டிலில் படுக்கவைத்துப் பழக்குங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவருக்கு ஏது வீட்டுக்காரர், அவசரத்தில் அதுவும் குழறிவிட்டது. தம்பி என்னைத் தடுத்துவிட்டு, அவரிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டான். வேலை திரும்ப வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம், அந்த மிஷினிலிருந்து தன் குரலை மட்டும் எடுத்துவிடச் சொல்ல முடியுமா என்றான். கவுன்சிலர் யாருக்கோ போன் போட்டு விசாரித்தார். குரல் கம்பெனியின் சொத்து, நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களாமே தம்பி என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். அந்த ஒரு நிமிஷம் அவரும் மனுஷனாகத்தான் தெரிந்தார், பொய் சொல்லக் கூடாது.

அன்று சாயங்காலம் தம்பி தெருக்கோடியில் ஆரம்பித்து வீடு வீடாகப் போனான். நானும் கூடப் போனேன். எனக்கு வேலை போய்விட்டது, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டேன், இனிமேல் அந்த எண்ணில் என் குரல் கேட்டால் நம்பாதீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். சிலர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். ஒருத்தர், அப்படியா, போன வாரம்கூட உங்களிடம் நன்றாகப் பேசினேனே என்று அவனையே ஏற இறங்கப் பார்த்தார். என்னை நம்பாதீர்கள் என்று கதவு கதவாகத் தட்டிச் சொல்ல வேண்டிய நிலைமை எதிரிக்குக்கூட வரக் கூடாது.

டிரைவர் அண்ணன் வீடு திரும்பினார். மெலிந்து போயிருந்தாலும் வாய் மட்டும் பழையபடி வம்பு பேச ஆரம்பித்துவிட்டது. அண்ணிதான் மாறிப்போனாள். தம்பி வாசலில் நின்று நலம் விசாரித்தால் சரி, சரி என்று உள்ளே போய்விடுவாள். என்னிடம் ஒருநாள் மனசைத் திறந்து சொன்னாள். அவன்மேல் கோபமில்லையாம், ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்தாலே அவரது நீல உதடு கண்முன்னால் வருகிறதாம். நான் இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குப் புரிந்திருந்தது.

அதிலிருந்து தெருவில் பேசுவதை நிறுத்திவிட்டான். தலையை அசைப்பான், கையைக் காட்டுவான். ஒரு கிடங்கில் பெட்டிகள் அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டாம், மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவி கத்தினால் அடுத்த பெட்டியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நல்லதாகப் போயிற்று என்று எழுதிக் காட்டாத குறைதான். வீட்டிலும் என் கேள்விக்கெல்லாம் உம், ம்ஹும். இந்த வீட்டில் நான் கத்துவதும் அவன் அதற்கு மெதுவாகப் பதில் சொல்வதும்தான் இத்தனை வருஷமாகச் சத்தம். இப்போது நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது, என் தம்பியின் குரலை ஊரெல்லாம் கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை என்று? ஒருநாள் அந்த எண்ணுக்கே போன் போட்டு, அவன் வணக்கம் சொன்னதும் வைத்துவிட்டேன். அழுகை வந்தது.

பிறகு அந்த மழை நாள். அவனுக்கு விடுமுறை. மத்தியானம் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கோ மரம் முறிந்த சத்தம், உடனே விளக்கு அணைந்தது. தம்பி எழுந்தான். குடைகூட எடுக்காமல் தெருவைத் தாண்டினான். நான் பின்னாலேயே போனேன்.

எதிர்வீட்டுக் கதவு மழைக்காகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினான். பதில் இல்லை. மறுபடியும் தட்டினான். உள்ளேயிருந்து அண்ணி யார் என்று கேட்டாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நீ சொல் என்கிற மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாய் நிற்காது என்பார்கள், அன்றைக்கு நிறுத்திவைத்தேன்.

“நான்தான் அண்ணி” என்றான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவள் கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. ஆனால் திறக்கவில்லை.

“கரண்ட் எப்ப வரும்?” என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

அவன் திரும்பி மழையில் நனையும் கரண்ட் கம்பத்தைப் பார்த்தான்.

“தெரியல அண்ணி. எனக்கு எதுவும் தெரியாது. வாங்க, அண்ணனைத் தூக்கிட்டுக் கிளம்பிடலாம்.”

“தெரியலையாம்” என்று அண்ணி கட்டில் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. “நம்ம தம்பிதான்.”

தாழ்ப்பாள் விலகியது.